முழுகாமல் இருக்கும் முதல் பன்னிரண்டு வாரம்: நமுனுகுல மலைத்தோட்டங்களில் கர்ப்பத்தின் தொடக்கம்

கருவுற்ற பெண்ணை மலையகத்தில் "முழுகாமல் இருக்கிறாள்" என்பார்கள். மாதவிலக்கு கழிந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வராமல் போவதுதான் அந்தச் சொல்லின் பொருள். மருத்துவமும் கர்ப்பத்தை அதே இடத்திலிருந்துதான் எண்ணுகிறது. கடைசி மாதவிலக்கு தொடங்கிய நாளை முதல் நாளாக வைத்து நாற்பது வாரம் கணக்கிடப்படுகிறது. இதனால் ஒரு பெண்ணுக்கு நாள் தள்ளிப்போய், "இதுவாக இருக்குமோ" என்ற நினைப்பு எழும்போதே கணக்கில் நான்கு வாரம் கடந்துவிட்டது. ஆறாம் வாரத்துக்குள் குழந்தையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் நரம்புக் குழாய் மூடிக்கொள்கிறது. இதயமும் துடிக்கத் தொடங்குகிறது. பன்னிரண்டாம் வாரம் முடிவதற்குள் கை, கால், கண், காது, சிறுநீரகம் எல்லாம் அடிப்படை வடிவம் பெற்றுவிடுகின்றன. அதன்பின் பெரும்பாலும் வளர்ச்சிதான். வயிறு வெளியே தெரியாத, ஊருக்குச் சொல்லாத இந்த வாரங்களில்தான் குழந்தையின் உடல் உருவாகிறது. தோட்டங்களில் தாய்க்குக் கிடைக்கும் கவனிப்பு மிகக் குறைவாக இருப்பதும் இதே வாரங்களில்தான்.

நமுனுகுல இலங்கையின் ஊவா மாகாணத்தில் உள்ள 2,036 மீற்றர் உயரமான மலை. ஒன்பது சிகரங்கள் என்பது பெயரின் பொருள். அதன் சரிவுகளிலும் அதைச் சுற்றிப் பதுளை, பசறை, ஸ்பிரிங்வெளி, தெமோதரை, ஹாலிஎல பக்கங்களிலும் தேயிலைத் தோட்டங்கள் படர்ந்திருக்கின்றன. கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் பெரும்பாலோர் பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள். இங்கே பிறக்கும் குழந்தைகளின் எடையைப் பார்த்தால் தாயின் உடல்நிலை புரியும். 2006–07ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வில் இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த எடையோடு பிறந்தவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதம். தோட்டப்புறத்தில் 31 சதவீதம். பத்தாண்டு கழித்து 2016இல் நடந்த ஆய்வில் நிலைமை ஓரளவு மேம்பட்டிருந்தது. ஆனால் அப்போதும் தோட்டத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தை எடை குறைந்தே பிறந்தது. இந்தக் குறை பிரசவ அறையில் உண்டாவதில்லை. கருவுறும்போதே மெலிந்திருந்த, இரத்தம் குறைந்திருந்த உடலில் அது தொடங்குகிறது.

இலங்கையின் தாய் சேய் நலப் பணி தெற்காசியாவில் முன்னணியில் நிற்பது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலந்தொட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் வீட்டுக்கே வரும் ஒரு மருத்துவிச்சி என்பதே அதன் உயிர்நாடி. இன்று அவர் குடும்பநல உத்தியோகத்தர் எனப்படுகிறார். தோட்ட மக்களுக்கு அவர் எப்போதும் "மிட்வைஃப்" அல்லது "மிஸ்ஸி". சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்தின் கீழ் வேலை செய்யும் அவரிடம், தம் பகுதியில் பிள்ளை பெறும் வயதிலுள்ள தம்பதியரின் பதிவேடு இருக்கிறது. கர்ப்பத்தை எட்டு வாரத்துக்குள் அவரிடம் பதிய வேண்டும் என்பது நாடு தழுவிய இலக்கு. பதிந்ததும் கர்ப்பிணிப் பதிவு அட்டை எழுதப்படும். கிளினிக் நாள் குறிக்கப்படும். தோட்டங்களின் வைத்திய வரலாறு வேறு. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி செய்யும் பொறுப்பைத் தோட்ட உரிமையாளர்மீது வைத்தது. அதனால் தோட்டத்து டிஸ்பென்சரி நாட்டின் பொதுச் சுகாதாரப் பணியிலிருந்து நெடுங்காலம் ஒதுங்கியே நின்றது. 1990களுக்குப் பிறகு தோட்ட ஆஸ்பத்திரிகள் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. ஆனாலும் தமிழ் பேசும் குடும்பநல உத்தியோகத்தர்கள் போதாமை இன்றும் தீரவில்லை. முதற்பிள்ளைக்காரி ஒருத்தி தன் வெட்கத்துக்குரிய சந்தேகத்தைத் தன் மொழியில் கேட்க முடியாதபோது, அட்டை நிரம்பினாலும் ஆலோசனை நடந்ததாகச் சொல்ல முடியாது.

மூன்று மாதம் நிறையும்வரை வெளியே சொல்லக்கூடாது என்பது பல குடும்பங்களின் வழக்கம். கண்ணேறு படும், தங்காமல் போய்விடும் என்ற அச்சம் அதன் அடியில் இருக்கிறது. அந்த அச்சத்துக்குக் காரணமும் உண்டு. கண்டறியப்பட்ட கர்ப்பங்களில் பத்தில் ஒன்றுக்கு மேல் கலைந்துபோகின்றன. அவற்றில் பெரும்பாலானவை முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் நிகழ்கின்றன. பெரும்பாலும் கருவின் நிறமூர்த்தக் கோளாறே காரணம். தாய் எதையோ தூக்கியதோ, பப்பாளித் துண்டு தின்றதோ, யாரோ பார்த்த பார்வையோ அல்ல. கலைந்த பெண்மீது பழி போடும் பேச்சு பொய்யானது, கொடுமையும்கூட. அக்கம்பக்கத்துக்குச் சொல்லாமல் இருப்பதில் தவறில்லை, மிட்வைஃபிடம் சொல்லாமல் இருப்பதில்தான் இழப்பு. பதிவேட்டில் பெயர் எழுதினால் லயம் என்னும் வரிசை வீடுகள் முழுவதும் செய்தி பரவும் என்ற பயம் இருக்கும் இடங்களில், அந்த ரகசியத்தைக் காப்பது உத்தியோகத்தரின் வேலைத் திறமையில் ஒரு பகுதி.

சீக்கிரம் சொல்வதால் கிடைக்கும் முதல் நன்மை போலிக் அமிலம். அதன் கதை தோட்டப் பெண்களுக்கு அந்நியமானதல்ல. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்து, அங்கே துணி ஆலைகளில் கூலிவேலை செய்த கர்ப்பிணிகளைக் கடுமையாகத் தாக்கிய ஒருவகை இரத்தசோகையை ஆராய்ந்தார். மலிவான ஈஸ்ட் சாறான மார்மைட் அவர்களைக் குணப்படுத்துவதை 1931இல் வெளியிட்டார். இலங்கைக் கடைகளில் இன்றும் கறுப்புக் குப்பியில் விற்கும் அதே மார்மைட்தான். அதில் இருந்த பொருளை 1941இல் கீரை இலையிலிருந்து பிரித்தெடுத்தபோது, இலை என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து போலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். முன்பு நரம்புக் குழாய்க் குறையுள்ள குழந்தை பெற்ற தாய்மாருக்குக் கருவுறுமுன்பே இதைக் கொடுத்தால், அந்தக் குறை மீண்டும் வருவது 72 சதவீதம் தடுக்கப்படுகிறது என்று 1991இல் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு காட்டியது. இங்கே காலம்தான் முக்கியம். குழாய் ஆறாம் வாரத்தில் மூடிவிடுவதால், எட்டாம் வாரத்தில் பதிந்து வாங்கும் மாத்திரை அந்தக் குறையைத் தடுக்கப் பிந்திவிட்டது. ஆகவே கலியாணம் முடிந்து பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே, அல்லது கருத்தடையை நிறுத்தும்போதே, போலிக் அமிலம் தொடங்க வேண்டும். புதுமணத் தம்பதியருக்கான அரசின் முன்பராமரிப்புத் திட்டம் இதற்காகவே அமைந்தது, மாத்திரை இலவசம். குடும்பநல உத்தியோகத்தர் புதுப்பெண்ணைச் சந்திக்க வருவதை "இப்போதே பிள்ளைப் பேச்சா" என்று மாமியார் தள்ளிவிடாமல் இருந்தால் போதும். ருபெல்லாத் தடுப்பூசி போடாதவர்களும் இதே கட்டத்தில் போட்டுக்கொண்டு, குறைந்தது ஒரு மாதம் கருவுறாமல் இருக்க வேண்டும். கர்ப்பம் உறுதியானபின் அந்த ஊசி போட முடியாது.

கலியாணத்துக்கு முன்பே செய்ய வேண்டிய இன்னொன்று தலசீமியாவுக்கான இரத்தப் பரிசோதனை. ஊவாவில் இந்தப் பரம்பரை நோய் குறிப்பிடத்தக்க அளவில் உண்டு. பதுளையில் இதற்கெனச் சிகிச்சை நிலையமும் இருக்கிறது. குறையைச் சுமப்பவர் வெளிப்பார்வைக்கு முழு ஆரோக்கியமாக இருப்பார். சுமப்பவர் இருவர் இணைந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, வாழ்நாள் முழுதும் இரத்தம் ஏற்ற வேண்டிய குழந்தை பிறப்பதற்கு. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் பெண் எடுக்கும் குடும்பங்களில் இருவரிடமும் ஒரே குறை இருக்கும் வாய்ப்பு கூடும். பொருத்தம் பார்க்கும் நாளில் இரத்தத்தையும் பார்த்துவிடுவது பிறகு வரும் பெரும் துயரத்தைத் தவிர்க்கும்.

முதல் கிளினிக்கில் உயரம், எடை, இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். இரத்தத்தில் ஹீமோகுளோபின், இரத்த வகை, சீனி, சிபிலிஸ், எச்.ஐ.வி. ஆகியவற்றையும் சிறுநீரையும் பரிசோதிப்பார்கள். கடைசி இரு நோய்களின் பெயர் கேட்டுக் கூசும் பெண்கள் உண்டு. அந்தச் சோதனை யாரையும் சந்தேகித்துச் செய்வதல்ல, எல்லாத் தாய்மாருக்கும் பொது. அப்படி எல்லாருக்கும் செய்ததால்தான் தாயிடமிருந்து சேய்க்கு அந்த இரண்டும் தொற்றுவதை ஒழித்த நாடாக 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று அளித்தது. பல் சோதனைக்கும் அனுப்புவார்கள். சொத்தைப் பல்லோடு கர்ப்பத்தைக் கடத்தாமல் இருப்பது நல்லது.

தோட்டத்தில் பெரிய பிரச்சினை இரத்தசோகை. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைவு, கொக்கிப்புழு, அடுத்தடுத்த பேறு எல்லாம் சேர்ந்து வருவது அது. இலங்கைத் தோட்டப் பெண்களிடம் நடத்தி 1979இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியான ஓர் ஆய்வு, இரும்புச்சத்துக் கொடுக்கப்பட்டவர்கள் கூடுதல் கொழுந்து பறித்ததைக் காட்டியது. இரத்தம் மிகக் குறைந்திருந்தவர்களிடமே அந்த வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. சோம்பல் என்று கங்காணி திட்டிய களைப்பு பல நேரம் இரத்தக் குறைவாகவே இருந்திருக்கிறது.

ஒரு லயக் காம்பராவின் காலையைக் கிட்ட நின்று பார்த்தால் காரணம் விளங்கும். ஐந்து மணிக்கு அடுப்பில் ஈர விறகு புகைகிறது. எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு கோப்பை சாயத்தண்ணி என்னும் பாலில்லாத் தேநீர், உள்ளங்கையில் கொஞ்சம் சீனி. கோதுமை மா ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் சுட்ட கையோடு ஒரு துண்டு வாயில். மீதி துணியில் முடிந்து மலைக்கு. பத்து மணிக்கு ரொட்டியோடு மறுபடி சாயத்தண்ணி. சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர், மரக்கறியிலும் தானியத்திலும் உள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதைப் பாதிக்கும் கீழாகக் குறைத்துவிடக்கூடியது. உலகத்துக்குத் தேயிலை பறித்துக் கொடுக்கும் கை, தன் இரத்தத்தை அதே தேயிலையிடம் இழக்கிறது. இதற்குத் தேநீரை விட வேண்டியதில்லை, நேரத்தை மாற்றினால் போதும். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரம் முதல் இரண்டு மணி நேரம்வரை விட வேண்டும். சாப்பாட்டில் தேசிக்காய்ப் புளி, நெல்லிக்காய், கொய்யா ஏதாவது சேர வேண்டும். அவற்றின் விற்றமின் சி இரும்பை இழுத்துக் கொடுக்கும். இரும்பு மாத்திரை வழக்கமாகப் பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகே தொடங்கும், ஏனெனில் மசக்கைக் காலத்தில் அது குமட்டலைக் கூட்டும். இரத்தம் மிகக் குறைந்தவர்களுக்கு வைத்தியர் முன்பே தரக்கூடும். அந்த மாத்திரையைச் சாயத்தண்ணியால் விழுங்குவது பாதி மாத்திரையைக் கொட்டிவிடுவதற்குச் சமம். புழுமருந்தும் பன்னிரண்டு வாரத்துக்குப் பின்பே. அதுவரை செருப்பில்லாமல் மலைக்கும் கக்கூசுக்கும் போகாதிருப்பதே காவல். கொக்கிப்புழு பாதத்தின் வழியாகத்தான் ஏறுகிறது. சாம்பல், செங்கல் தூள், பச்சரிசி மெல்லும் ஆசை வந்தால் அதை மசக்கையின் விளையாட்டென்று விட்டுவிடக்கூடாது. பல நேரம் அது இரத்தக் குறைவின் அடையாளம்.

முதல் மூன்று மாதத்தில் இரண்டு பேருக்காகச் சாப்பிட வேண்டியதில்லை. ஆனால் ஏற்கெனவே மெலிந்த பெண்ணுக்கு இந்த விதி பொருந்தாது. உடல் நிறைச் சுட்டெண் 18.5க்குக் குறைந்தவர்கள் தொடக்கத்திலிருந்தே கூடுதலாகச் சாப்பிட வேண்டும். வேண்டியது அளவைவிட வகை. முருங்கைக்கீரை, வல்லாரை, பொன்னாங்காணி, தோட்டத்து மரக்கறிப் பாத்தியில் வளரும் போஞ்சி, கோவா. பயறு, கௌபி, கடலை. வாரத்தில் சில நாளாவது முட்டை, நெத்தலி, கருவாடு. வீட்டில் முட்டை வந்தால் முதலில் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும், மிஞ்சினால் தாய்க்கு என்ற வரிசை இந்த ஒன்பது மாதமாவது மாற வேண்டும். சோளமும் சோயாவும் கலந்த திரிபோஷா 1973 முதல் கர்ப்பிணிகளுக்கு வழங்கப்படுகிறது; அது வீடு முழுவதற்குமான மா அல்ல. கர்ப்பிணிகளுக்கான அரசின் போஷாக்குப் பொதி 2015இல் மாதம் 2,000 ரூபாய்ப் பெறுமதியில் பத்து மாதத்துக்கெனத் தொடங்கியது. அதைப் பெறவும் பதிவு வேண்டும். உப்பு அயடின் சேர்த்ததாக இருக்க வேண்டும். 1995 முதல் நாட்டில் சமையலுக்கு அயடின் உப்பையே விற்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. குழந்தையின் தைரொயிட் சுரப்பி முதல் பன்னிரண்டு வாரத்தில் தானாக வேலை செய்யாததால், மூளை வளர்ச்சிக்குத் தாயின் சுரப்பியையே நம்பியிருக்கிறது. அடுப்புக்குப் பக்கத்தில் திறந்த சிரட்டையில் கிடக்கும் உப்பு ஈரத்திலும் சூட்டிலும் அயடினை இழக்கும். மூடிய போத்தலில் வைத்து, கறி இறக்கும்போது போடுவதே சரி.

மசக்கை ஆறாம் வாரமளவில் தொடங்கி, பலருக்குப் பன்னிரண்டு முதல் பதினாறாம் வாரத்துக்குள் அடங்கும். வெறும் வயிறு அதைக் கூட்டுகிறது. விழித்ததும் படுக்கையிலிருந்து எழுமுன் காய்ந்த ரொட்டியோ பிஸ்கட்டோ ஒரு துண்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. இஞ்சி பலருக்கு உதவும். தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் வாந்தி, எடை இறக்கம், சிறுநீர் குறைந்து கறுப்பது என்று வந்தால் அது வீட்டில் வைத்துப் பார்க்கும் மசக்கை அல்ல, ஆஸ்பத்திரிக்கு உரியது.

மலை வேலையில் கவனிக்கப்படாத ஒன்று சிறுநீர். வேலை பிரித்துக் கொடுக்கும் ஏழு மணிப் பெரட்டிலிருந்து மாலை நிறுவைவரை தேயிலைச் செடிகளுக்கிடையே கக்கூசு இல்லை. ஒதுங்க இடமில்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். வந்ததை மணிக்கணக்கில் அடக்குகிறார்கள். கர்ப்பத்தில் சிறுநீர்ப் பாதை இயல்பாகவே தளர்வதால் தொற்று எளிதில் ஏறும். கவனிக்காத தொற்று காய்ச்சலுக்கும், பின்னால் குறைமாதப் பிரசவத்துக்கும் காரணமாகக்கூடும். மலைக்கொரு கக்கூசும் கொதித்தாறிய தண்ணீர்ப் போத்தலும் மருந்துக்குச் சமமானவை. பீலித் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிப்பது எந்தப் பருவத்திலும் தகாது.

வேலையை நிறுத்திவிட வேண்டியதில்லை. நலமாயிருக்கும் பெண்ணுக்கு நடையும் இலேசான வேலையும் கேடு செய்வதில்லை. ஆபத்து முதுகில் ஏறும் நிறைக்கூடை, வழுக்கும் சரிவு, மருந்தடித்த மலை ஆகியவற்றில் இருக்கிறது. களைகொல்லியும் பூச்சிமருந்தும் தெளிக்கும் வேலையிலோ, தெளித்த ஈரம் காயாத மலையிலோ கர்ப்பிணி நிற்கக்கூடாது. இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கில் மருந்து பட்டிருந்தால் அதை அவளே கழுவுவதும் கூடாது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் சட்டம் பிரசவத்தையொட்டி 84 நாள் லீவு தருகிறது. மூன்றாம் பிள்ளை முதல் அதைப் பாதியாக்கியிருந்த வேறுபாடு 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கியது. தோட்டப் பெண்களுக்கு அது உண்மையான வெற்றி. ஆனால் தீங்கான வேலையில் அமர்த்தக்கூடாது என்ற அந்தச் சட்டத்தின் காவல் பிரசவத்துக்கு முந்திய, பிந்திய மும்மாதங்களையே நோக்கியது. குழந்தையின் உறுப்புகள் உருவாகும் முதல் மும்மாதத்துக்குச் சட்டத்தில் அத்தகைய காவல் இல்லை. அது தொரை எனப்படும் தோட்ட மனேஜரின் மனசையும் கணக்கப்பிள்ளையின் பழக்கத்தையும் பொறுத்துப் போகிறது. குறித்த கிலோ வராவிட்டால் அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி. கிளினிக்குப் போனால் அந்த நாளின் பேரே போகும். மருத்துவ அறிவுரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஒரு நாள் கூலியை இழந்துதான் அதைக் கேட்க முடியும் என்றால் எட்டாம் வாரப் பதிவு பன்னிரண்டாம் வாரமாகத் தள்ளிப்போவதில் வியப்பில்லை. கர்ப்பிணிப் பதிவு அட்டையைக் காட்டியவுடன் இலேசான வேலையும், கிளினிக் நாளுக்கு முழுப் பேரும் என்ற ஏற்பாடு இதில் பெரும்பகுதியைத் தீர்க்கும்.

வீட்டுக்குள் மூன்று புகை உண்டு: விறகடுப்பு, புருஷனின் சிகரெட் அல்லது சுருட்டு, சாமி விளக்கோடு சேர்ந்த ஊதுபத்தி. கடைசியது சிறிது, முதல் இரண்டும் கருவின் வளர்ச்சியைக் குறைப்பவை. காம்பராவின் சின்ன யன்னலைக் குளிருக்காக அடைத்து வைக்கும் பழக்கம் புகையைத் தாயின் நெஞ்சுக்குள் அனுப்புகிறது. வெற்றிலையும் பாக்கும், குறிப்பாகப் புகையிலை சேர்ந்தது, குமட்டலை அடக்கும் என்று மெல்லப்படுகிறது. அது குழந்தையின் எடையைத் தின்கிறது. சாராயத்தில் கர்ப்பிணிக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை. தலைவலிக்குக் கடை மாத்திரை வாங்குமுன் நாள் தள்ளியிருப்பதை டிஸ்பென்சரியில் சொல்ல வேண்டும். வலிப்பு, சீனி, தைரொயிட் மருந்து எடுப்பவர்கள் பயந்து தாமாக நிறுத்தாமல் வைத்தியரிடம் மாற்றிக்கொள்ள வேண்டும். வீட்டில் அடியும் வசவும் இருந்தால் அதுவும் கிளினிக்கில் சொல்லத்தக்க உடல்நலச் செய்தியே. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இதற்காக 'மித்துரு பியச' என்ற உதவி நிலையங்கள் இருக்கின்றன.

தகப்பனாகப் போகிறவனுக்கும் இந்த வாரங்களில் வேலை இருக்கிறது: பீலியிலிருந்து குடம் சுமப்பது, விறகு பிளப்பது, கிளினிக்குக் கூடப் போவது. பேற்றுக்கான காசைச் சிறுகச் சிறுகச் சேர்க்கத் தொடங்குவதும் மூத்த பிள்ளையைத் தோட்டத்துக் குழந்தை காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விட ஒழுங்கு செய்வதும் கடைசி மாதத்துக்கென்று தள்ளிப்போடக்கூடியவை அல்ல.

இரத்தப்போக்கு, ஒருபக்க அடிவயிற்றில் கடும் வலி, தோள்பட்டை வலியோடு மயக்கம், விடாத காய்ச்சல், நாற்றமுள்ள கசிவு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் காலைவரை காத்திருக்கக்கூடாது. கர்ப்பப்பைக்கு வெளியே குழாயில் தங்கிய கரு வெடித்தால் சில மணி நேரத்தில் உயிர் போகும். வயிறு தெரியாத வாரங்களில் தாயைக் கொல்லும் முதன்மைக் காரணங்களில் அது ஒன்று. முன்பெல்லாம் இரவில் தோட்டத்து லொறிக்குத் தொரையின் உத்தரவு வேண்டியிருந்தது. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின் நாடெங்கும் விரிந்த, 1990 என்ற எண்ணுக்கு அழைக்கும் இலவச அம்புலன்ஸ் இப்போது ஊவாவுக்கும் வருகிறது. ஆனாலும் நமுனுகுலச் சரிவின் மேட்டு லயங்கள் பலவற்றுக்கு அது தார் ரோடுவரைதான் வரும். மழைக்காலத்தில் அங்கிருந்து பதுளை போதனா வைத்தியசாலை தூரம்தான். யார் தூக்கிக்கொண்டு இறங்குவது, எந்தக் குறுக்குவழி, யாருடைய முச்சக்கரவண்டி என்பதை கர்ப்பம் தெரிந்தவுடனேயே வீட்டில் பேசி வைத்த குடும்பங்கள் அந்த இரவில் தடுமாறுவதில்லை.